80 அம்பியர் ஓல்டனேட்டரில் 1000 வாட் அம்ப்: முதலில் எதை மாற்றுவது?

கல்லடிப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது டொயோட்டா அக்ஸியோ கார், 1500 சிசி பெற்றோல், ஹைபிரிட் இல்லை. சப்வூபருக்கு என்று கிளாஸ் டி மோனோ அம்ப்ளிபயர் (அம்ப்) ஒன்று வாங்கிப் பூட்டியிருக்கிறேன், 1 ஓமில் 1000 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தருகிற பவர். கதவு ஸ்பீக்கர்களுக்கு முன்பே ஒரு 4 சனல் கிளாஸ் ஏபி அம்ப் இருந்தது, சனலுக்கு 75 வாட். பூட்டிய இடத்திலேயே '4 கேஜ்' வயர்க் கிட் ஒன்றும் போட்டுத் தந்தார்கள்.

பேஸ் விழுகிற ஒவ்வொரு முறையும் முன் லைற் மங்குகிறது, ஏ.சி. புளோவரின் சத்தமும் கூடவே இறங்குகிறது. ஓடும்போது ஓரளவு பரவாயில்லை, கல்லடிப் பாலத்தடியில் பின்னேர நெரிசலில் நின்றுவிட்டால்தான் மோசம். பூட்டியவர்கள், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்து உடனே தருகிற 1 பரட் கப்பாசிட்டர் போட்டால் சரி என்கிறார்கள். நண்பன் டிக்கியில் இரண்டாவது பற்றரி வை என்கிறான். இன்னொருவர், எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருகிற ஓல்டனேட்டரை மாற்றாமல் எதுவும் சரிவராது என்கிறார். மூன்றையும் செய்யக் காசில்லை. ஓல்டனேட்டரின் முதுகில் 80 அம்பியர் என்று இருக்கிறது, பற்றரி 45 அம்பியர் மணி. எங்கிருந்து தொடங்கட்டும்?

காத்தான்குடி சவுண்ட்

தம்பி, கப்பாசிட்டரைப் போட்டுப் பாருங்கள். நான் எத்தனையோ வான்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், லைற் மங்குவது நன்றாகக் குறையும். விலையும் அவ்வளவு இல்லை. ஓல்டனேட்டரில் கை வைப்பதென்றால் பெல்ட், பிராக்கெட் என்று வேலை நீளும்.

களுவாஞ்சி வயரிங்

தம்பி, எதையும் வாங்காதே. முதலில் கணக்கைப் போடு, பிறகு மீற்றரைப் பிடி, அதற்குப் பிறகுதான் கடைக்குப் போவது. இந்த ஒழுங்கை மாற்றுகிறவர்கள்தான் மூன்று சாமானும் வாங்கிய பிறகும் லைற் மங்குகிறது என்று கராஜுக்கு வருகிறார்கள்.

கணக்கு இதுதான். அம்ப் வெளியே தருகிற வாட்டை விடக் கூட உள்ளே இழுக்கும், மிச்சம் சூடாகப் போகும். கிளாஸ் டி என்றால் இழுப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும், கிளாஸ் ஏபியில் 50, 55 சதவீதம்தான். உன் மோனோ அம்ப் 1000 வாட் தர 1250 வாட் இழுக்க வேண்டும். அதை 13.8 வோல்ட்டால் பிரித்தால் 90 அம்பியர். 4 சனல் அம்ப் 300 வாட் தர ஏறத்தாழ 545 வாட் இழுக்கும், அது 40 அம்பியர். இரண்டும் முழு மூச்சில் போனால் 130 அம்பியர்.

பயப்படாதே, பாட்டு எப்போதும் முழு மூச்சில் போவதில்லை. சாதாரணப் பாட்டில் சராசரி இழுவை முழு இழுவையில் மூன்றில் ஒன்று என்று எடுக்கலாம், பேஸ் விடாமல் அடிக்கிற பாட்டென்றால் பாதி வரை போகும். ஆக உனக்குச் சராசரியாக 43 முதல் 65 அம்பியர்.

இனி காரே தின்பதைப் பார். எஞ்சின், பெற்றோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்த்து 10 அம்பியருக்குக் குறையாது. ஹலஜன் முன் லைற் இரண்டும் 55 வாட் வீதம், பின் லைற்றுகளோடு 10 அம்பியர். ஏ.சி. கிளச், புளோவர், ரேடியேட்டர் விசிறி சேர்ந்தால் 20, 25. இரவில் ஏ.சி.யோடு போனால் காருக்கே 40, 45 அம்பியர் போய்விடும். 80-இல் மிச்சம் 35. உனக்குத் தேவை குறைந்தது 43.

அந்த 80-உம் எப்போதும் கிடைக்கிற 80 இல்லை, அதைத்தான் கனபேர் பார்ப்பதில்லை. ஓல்டனேட்டரில் அடித்திருப்பது அது நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது தருகிற அளவு. எஞ்சின் 700 சுற்றில் சும்மா நிற்கும்போது, பெல்ட் ஓடுகிற சக்கரங்களின் (pulley) அளவு வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தாலும், ஓல்டனேட்டர் 2000 பக்கம்தான் சுற்றும். அப்போது பாதி வந்தால் நல்லது, எங்கள் வெயிலில் பொனட்டுக்குள் கொதிக்கும்போது அதற்கும் கீழே. பாலத்தடியில் நிற்கும்போது வருகிற முழுவதையும் காரே எடுத்துக்கொள்ளும். நீ கேட்கிற பேஸ் முழுக்கப் பற்றரியில் இருந்து போகிறது.

கல்லடிப் பையன்

இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை அண்ணன், பெரிய உதவி. அப்படியென்றால் ஓல்டனேட்டர்தான் காரணமா?

களுவாஞ்சி வயரிங்

ஒரு காரணம். அது மட்டும்தானா என்று இன்னும் தெரியாது, அதனால்தான் மீற்றர் வேண்டும் என்கிறேன். வயரிங் பிழையாக இருந்தால் 150 அம்பியர் ஓல்டனேட்டர் போட்டாலும் அம்புக்கு 12 வோல்ட்தான் போய்ச் சேரும்.

மின்னோட்டம்

நான் மோட்டார் மின்னியல் படிப்பிக்கிறவள். கப்பாசிட்டர் விசயத்தை எண்ணாகவே பார்த்துவிடுவோம், அப்போது வாதம் தேவைப்படாது.

1 பரட் கப்பாசிட்டர் 14.4 வோல்ட்டில் இருந்து 12 வோல்ட் வரை இறங்கும்போது வெளியே விடுகிற சக்தி ஏறத்தாழ 32 ஜூல். அம்ப் 1250 வாட் இழுக்கிறது என்றால் அந்த 32 ஜூல் ஒரு செக்கனில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் காணும். ஒரு பேஸ் அடி அதைவிட நீளம். அடி முடிந்தவுடன் கப்பாசிட்டரும் அதே ஓல்டனேட்டரிடம் இருந்துதான் தன்னை நிரப்பிக்கொள்ள வேண்டும். மிகக் குறுகிய குத்துகளில் லைற் மங்குவது கொஞ்சம் மெதுவாகும், அதனால்தான் சிலருக்குப் பலன் தெரிகிறது. நீளமான பேஸ் நோட்டில் ஒன்றும் தெரியாது. மின்சாரம் போதாத இடத்தில் கப்பாசிட்டர் மின்சாரத்தை உண்டாக்காது.

போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: காலியான கப்பாசிட்டரை நேரே பற்றரியில் தொடவே கூடாது. பொறி பறக்கும், பியூஸ் போகும், கையும் சுடும். கிட்டோடு வருகிற ரெசிஸ்டர் ஊடாக, அது இல்லாவிட்டால் ஒரு 12 வோல்ட் பல்ப் ஊடாக நிரப்பி, பல்ப் அணைந்த பிறகு இணைக்க வேண்டும்.

காத்தான்குடி சவுண்ட்

அக்கா சொல்கிற கணக்கு சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் கனபேர் 300, 400 வாட் காரர்கள், அவர்களுக்குக் குத்துச் சத்தத்தில் மங்குவது மட்டும்தான் பிரச்சினை. 1000 வாட்டுக்கு அது காணாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் இரண்டாவது பற்றரிக்கு என்ன சொல்கிறீர்கள்?

மின்னோட்டம்

400 வாட்டுக்கு நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது நானா.

பற்றரியைப் பற்றி: வீட்டில் மோட்டர் ஏற்றுகிற தண்ணீரை விடக் கூடத் திறந்துவிட்டால் தாங்கி வற்றும், பக்கத்தில் இன்னொரு தாங்கி வைத்தால் வற்ற நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஓல்டனேட்டர் கொடுப்பதைவிடச் சராசரி இழுவை கூடவாக இருந்தால் இரண்டு பற்றரியும் சேர்ந்து இறங்கும், பிறகு இரண்டையும் நிரப்புகிற பாரமும் அதே ஓல்டனேட்டரின் தலையில்தான். சராசரிக்கு ஓல்டனேட்டர் போதுமாக இருந்து உச்சங்களில் மட்டும் குறைகிறது என்றால், அல்லது எஞ்சினை நிறுத்தி வைத்துப் பாட்டுக் கேட்கிறவர் என்றால், இரண்டாவது பற்றரி நல்ல முடிவு.

அதை டிக்கியில் வைப்பதானால் தண்ணீர் ஊற்றுகிற பற்றரி வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய இடத்தில் அது ஆபத்து. மூடி அடைத்த ஏஜிஎம் வகை எடுங்கள், அதன் உள் தடையும் குறைவு, திடீர் இழுவைக்கு வோல்ட் அவ்வளவாகச் சரியாது. முன் பற்றரிப் பக்கம் ஒரு பியூஸ், பின் பற்றரிப் பக்கம் ஒரு பியூஸ், இரண்டும் கட்டாயம். எஞ்சின் நின்றதும் இரண்டு பற்றரியையும் பிரித்துவிடுகிற ஐசோலேட்டர் ரிலே இடையில் இருந்தால் பாட்டுக் கேட்டுப் பின் பற்றரி இறங்கினாலும் காலையில் கார் ஸ்டார்ட் ஆகும்.

களுவாஞ்சி வயரிங்

சரி தம்பி, இனி அளப்பது. டிஜிட்டல் மீற்றர் ஒன்று போதும். கிளாம்ப் மீற்றரும் இருந்தால் நல்லது, ஆனால் டி.சி. அம்பியர் காட்டுகிற கிளாம்பா என்று பார், மலிவானவை கன இடங்களில் வீட்டு மின்சாரம் போன்ற மாறு மின்னோட்டம் மட்டும்தான் காட்டும்.

எஞ்சினை 1500 சுற்றில் பிடிக்க ஒரு ஆளை வை. ஏ.சி.யும் லைற்றும் வேண்டாம். 50 ஹேர்ட்ஸ் டோன் (ஒரே சீரான தாழ்ந்த ஒலி) ஒன்றை, நீ வழமையாகக் கேட்கிற சத்தத்தில், சில செக்கன் மட்டும் போடு. நீளமாகப் போட்டால் சப்பின் கொயில் சூடாகும். அந்த நேரத்தில் பற்றரியின் இரண்டு முனையிலும் எத்தனை வோல்ட், அம்பின் இரண்டு முனையிலும் எத்தனை வோல்ட் என்று எழுது. இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஓல்டனேட்டரும் பற்றரியும் காணாது. பற்றரியில் நல்லாக இருந்து அம்பில் மட்டும் விழுந்தால் வயர்.

வயர் என்றால் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கலாம். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரிப் பிளஸில், மற்றதை அம்பின் பிளஸில் வை, டோன் போகும்போது காட்டுவது பிளஸ் வயர் தின்கிற வோல்ட். அதே மாதிரி பற்றரி மைனஸுக்கும் அம்பின் மைனஸுக்கும் இடையில் பார். பிளஸ் பக்கம் நீளமான முனை வயர் வேண்டும், முனைகள் எங்கேயும் பொடியில் (காரின் உலோக உடலில்) தட்டக் கூடாது.

வாழைச்சேனை 24 வோல்ட்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நாங்கள் பஸ் வைத்திருக்கிறோம், 24 வோல்ட். அம்ப் 12 வோல்ட் என்பதால் இரண்டு பற்றரியில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துத் தந்திருக்கிறார்கள். ஒரு பற்றரி அடிக்கடி செத்துப் போகிறது, மற்றதில் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கிறது. பற்றரிதான் பிழையா?

களுவாஞ்சி வயரிங்

பற்றரியில் பிழை இல்லை அண்ணன், எடுத்த இடம்தான் பிழை. ஓல்டனேட்டர் இரண்டு பற்றரியையும் வரிசையாகச் சேர்த்து 28 வோல்ட்டில்தான் சார்ஜ் பண்ணுகிறது, அதற்கு எது இறங்கியிருக்கிறது என்று தெரியாது. அம்ப் பூட்டிய பற்றரி இறங்கி அதில் 12.8 நின்றால் மற்றதற்கு 15-க்கு மேல் ஏறும், அதுதான் கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது. இரண்டும் புதிதாக வாங்கிப் போட்டாலும் இதே கதைதான் நடக்கும்.

24-இல் இருந்து 12-க்கு இறக்குகிற கன்வேர்ட்டர் ஒன்று போடுங்கள், அம்பின் உச்ச இழுவையைத் தாங்குகிற அளவில். இல்லாவிட்டால் இரண்டு பற்றரியையும் சமப்படுத்துகிற ஈக்குவலைசர் போட வேண்டும். பெரிய பவர் வேண்டுமென்றால் 24 வோல்ட்டில் நேரே ஓடுகிற அம்ப் எடுப்பதுதான் சுத்தமான வழி.

அக்கரைப்பற்று அக்குவா

நானும் ஒன்று கேட்கிறேன். என்னுடையது டொயோட்டா அக்குவா, ஹைபிரிட். அதில் ஓல்டனேட்டரே இல்லை என்கிறார்கள், அப்போது இந்தக் கணக்கு எனக்கு எப்படிப் பொருந்தும்?

மின்னோட்டம்

பொருந்தும், ஆனால் இடம் மாறும். உங்கள் காரில் 12 வோல்ட்டை ஓல்டனேட்டருக்குப் பதில் ஒரு டி.சி.-டி.சி. கன்வேர்ட்டர் தருகிறது, பெரிய ஹைபிரிட் பற்றரியின் உயர் வோல்ட்டை இறக்கித்தான் தருகிறது. அதில் ஒரு நன்மை, எஞ்சின் சுற்றோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, சிக்னலில் நின்றாலும் அதே அளவு தரும். ஒரு கெடுதி, ஓல்டனேட்டரைப் போலப் பெரிதாக ஒன்றை வாங்கி மாற்ற முடியாது. அதன் எல்லையைத் தாண்டினால் கார் எச்சரிக்கை லைற் போடும், திருத்தப் போனால் செலவு கடுமை.

12 வோல்ட் பற்றரி உங்கள் காரில் பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, சின்னது. அதனால் அம்புக்கு வயர் கொண்டுபோகும் தூரம் குறைவு, வோல்ட் விழுவதும் குறைவு. அந்தப் பற்றரியில் இருந்து காற்றை வெளியே விடுகிற குழாய் ஒன்று இருக்கும், கழற்றினால் மறக்காமல் திரும்பப் பூட்ட வேண்டும். பாட்டுக் கேட்பது எப்போதும் 'ரெடி' லைற் எரியும்போது மட்டும், இல்லாவிட்டால் சின்னப் பற்றரி கெதியில் இறங்கிவிடும், பிறகு காரே விழிக்காது. செம்மஞ்சள் நிற வயர்களுக்குப் பக்கத்தில் துளை போடவோ கிளிப் அடிக்கவோ வேண்டாம், அது உயிர் போகிற வோல்ட்.

என் எண்ணத்தில் ஹைபிரிட்டுக்கு 300, 400 வாட் கிளாஸ் டியோடு நிற்பது நல்லது.

கல்லடிப் பையன்

அளந்துவிட்டேன். களுவாஞ்சி அண்ணன் சொன்ன மாதிரியே செய்தேன், கிளாம்ப் மீற்றர் ஒருவரிடம் இரவல். 1500 சுற்றில் டோன் போகும்போது 80 அம்பியர் இழுத்தது. பற்றரியில் 13.5 வோல்ட், அம்பில் 11.7. பிளஸ் பக்கம் 1.0, மைனஸ் பக்கம் 0.8.

பிறகு லைற், ஏ.சி. எல்லாம் போட்டு, எஞ்சினைச் சும்மா நிற்கவிட்டு, பாட்டோடு பார்த்தேன். பற்றரியிலேயே 12.3 வரை வந்தது.

களுவாஞ்சி வயரிங்

வடிவாக அளந்திருக்கிறாய். இரண்டு பிரச்சினையும் உனக்கு இருக்கிறது, ஆனால் மலிவானது முதலில்.

1.8 வோல்ட் வயரிலேயே போகிறது. நல்ல செம்பு, 21 சதுர மில்லிமீற்றர், அதுதான் உண்மையான 4 கேஜ், 5 மீற்றர் நீளத்தில் 80 அம்பியருக்கு 0.33 வோல்ட்தான் தின்ன வேண்டும். உன்னுடையது 1.0 தின்கிறது. வயரின் நுனியை ஒரு இடத்தில் உரித்து, கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளி நிறம் வந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதோடு இன்சுலேஷன்தான் தடிப்பாக இருக்கும், உள்ளே இருக்கிற உலோகம் 10, 11 சதுர மில்லிமீற்றர்தான் வரும் என்று உன் எண்ணே சொல்கிறது. 4 கேஜ் என்று வெளியே அடித்திருப்பதை நம்பாதே.

மைனஸ் பக்கம் எங்கே பூட்டியிருக்கிறது?

கல்லடிப் பையன்

சுரண்டினேன், வெள்ளி நிறம்தான். மைனஸ் டிக்கியில் ஒரு பிராக்கெட் போல்ட்டில், பெயின்ட்டுக்கு மேலேயே இறுக்கியிருக்கிறார்கள். லக்கை, அதாவது வயர் நுனி வளையத்தை, சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

காத்தான்குடி சவுண்ட்

அது உப்புக் காற்று. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கடலோரமாக நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் இதுதான் முதல் வருத்தம். நான் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன்: பெயின்ட்டை உலோகம் பளிச்சிடும் வரை அரத்தாள் போட்டுத் தேய்த்து, ஈயம் பூசிய செம்பு லக்கை நல்லாகக் கிரிம்ப் பண்ணி, மேலே சூட்டில் சுருங்குகிற டியூப் இட்டு, போல்ட்டை நட்சத்திர வாஷரோடு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசுவேன். கிறீஸை முதலில் பூசிவிட்டு இறுக்காதீர்கள். சீற் பெல்ட் போல்ட்டில் கிரவுண்ட் (மைனஸ் இணைப்பு) எடுக்கவே எடுக்காதீர்கள், அது உயிரைப் பிடிக்கிற போல்ட்.

களுவாஞ்சி வயரிங்

நானா சொன்னது அத்தனையும் சரி. மைனஸ் வயரும் பிளஸ் அளவு தடிப்பாக இருக்க வேண்டும், நீளம் அரை மீற்றருக்குள் முடிய வேண்டும்.

பிளஸ் வயருக்கு ஒரு வழி சொல்கிறேன். ஹாட்வெயார்களில் வெல்டிங் கேபிள் மீற்றர் கணக்கில் விற்கிறார்கள், செம்பு என்று சுரண்டி உறுதிப்படுத்திக்கொண்டு 35 சதுர மில்லிமீற்றர் எடு. 5 மீற்றரில் 80 அம்பியருக்கு 0.2 வோல்ட்தான் விழும். மினுங்குகிற பெயர் போட்ட கிட்டை விட இது மலிவு, நெளிந்து கொடுக்கும். ஒரு குறை, சிலவற்றின் றப்பர் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்காது, எஞ்சின் பக்கம் போகிற துண்டை நெளி குழாய்க்குள் விட வேண்டும். தகட்டைத் துளைத்துப் போகிற இடத்தில் வயர் உரசாமல் காக்கிற றப்பர் வளையம் (குரோமெட்) கட்டாயம்.

பியூஸ் பற்றரியில் இருந்து ஒரு முழத்துக்குள், 45 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. அந்தக் கேபிளுக்கு 125 அல்லது 150 அம்பியர். பியூஸ் இருப்பது அம்பைக் காப்பாற்ற இல்லை, வயர் எங்காவது உரசிப் பொடியில் பட்டால் கார் எரியாமல் இருக்க. பியூஸ் அம்புக்குப் பக்கத்தில் இருந்தால் முன்னால் உள்ள நாலு மீற்றரும் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். இந்த ஒரு விசயத்தில் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே.

அதே கேபிளில் முன்னால் மூன்று துண்டு: ஓல்டனேட்டர் பிளஸில் இருந்து பற்றரிப் பிளஸுக்கு, பியூஸோடு. பற்றரி மைனஸில் இருந்து பொடிக்கு. எஞ்சின் புளொக்கில் இருந்து பொடிக்கு. பழைய வயர்களைக் கழற்றாதே, அவற்றோடு சேர்த்துப் போடு.

மின்னோட்டம்

ஒரு சேர்க்கை. புதிய கார்களில் சிலவற்றில் பற்றரி மைனஸ் முனையிலேயே மின்னோட்டம் அளக்கிற சென்சர் இருக்கும், கார்க் கணினி அதைப் பார்த்துத்தான் ஓல்டனேட்டர் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும். அந்த வகைக் காரில் அம்பின் மைனஸையோ புதுக் கிரவுண்ட் வயரையோ நேரே பற்றரி முனையில் கொண்டுபோய்ப் பூட்டினால் சென்சர் அந்த இழுவையைக் காணாது, பற்றரி இறங்குவது கணினிக்குத் தெரியாது. பூட்டுவது சென்சருக்கு அடுத்த பக்கம், பொடியில்.

கல்லடிப் பையன்

காத்தான்குடி நானா தன் கிரிம்ப் இயந்திரத்தைத் தந்து உதவினார், இந்த இடத்திலேயே நன்றி. வெல்டிங் கேபிள், புது லக், முன்னால் மூன்று துண்டு, பியூஸ், எல்லாம் முடிந்தது. அதே 1500 சுற்று, அதே 80 அம்பியர்: பற்றரியில் 13.6, அம்பில் 13.2. சத்தத்திலேயே வித்தியாசம் தெரிகிறது, பேஸ் இறுக்கமாக வருகிறது.

ஆனால் ஏ.சி.யோடு நிற்கும்போது இன்னமும் 12.3, 12.4 என்றுதான் இருக்கிறது. இனி ஓல்டனேட்டர்தானே?

மின்னோட்டம்

சத்தம் மாறியதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே வோல்ட்டைச் சீர்செய்யாத அம்புகளில் வெளிவருகிற பவர் வோல்ட்டின் வர்க்கத்தோடு போகும். 11.7-இல் இருந்து 13.2-க்கு வந்தது பவரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். குறைந்த வோல்ட்டில் உச்சங்கள் வெட்டுப்பட்டுத்தான் பேஸ் கலங்கலாகக் கேட்டிருக்கிறது, ஸ்பீக்கர் கொயில் எரிவதும் கன இடத்தில் அதனால்தான்.

களுவாஞ்சி வயரிங்

ஓல்டனேட்டருக்கு முன் காசில்லாத ஒரு வேலை இருக்கிறது. உன் சப் இரட்டைக் கொயில், 2 ஓம் வீதமா?

கல்லடிப் பையன்

அதேதான் அண்ணன், இரண்டு 2 ஓம் கொயில். சமாந்தரமாகப் பூட்டி 1 ஓம் ஆக்கியிருக்கிறார்கள்.

களுவாஞ்சி வயரிங்

அதை வரிசையாகப் பூட்டி 4 ஓம் ஆக்கு. அம்பின் புத்தகத்தில் 4 ஓமுக்கு எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார், இந்த வகை அம்புகளில் 350 வாட் பக்கம் இருக்கும். 1000-இல் இருந்து 350 என்றால் கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் காதுக்கு அது 4.5 டெசிபல்தான். சத்தம் இரட்டிப்பாகக் கேட்க 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பவர் பத்து மடங்கு வேண்டும். 500 வாட்டை 1000 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அந்த 3 டெசிபலுக்காகத்தான் கனபேர் ஓல்டனேட்டர், பற்றரி, கேபிள் என்று இரண்டு மடங்கு செலவழிக்கிறார்கள். எனக்கு அது மனதுக்குப் பொறுக்காத விசயம், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அதே 3 டெசிபலை நல்ல போர்ட் (காற்றுத் துளை) வைத்த சப் பெட்டி, மின்சாரம் ஒரு சொட்டும் கூட இழுக்காமல் தரும்.

4 ஓமில் அம்பின் திறனும் கொஞ்சம் கூடும். முழு மூச்சில் 90 இழுத்தது 30-க்கு இறங்கும்.

காத்தான்குடி சவுண்ட்

வெளியில் வைத்து அடிக்கிறவர்களுக்கு, பாசிக்குடாப் பக்கம் கதவைத் திறந்து வைத்துக் கேட்கிறவர்களுக்கு அந்த 4.5 டெசிபல் தெரியும் அண்ணன். காருக்குள் கதவு மூடிக் கேட்கிறவருக்குத் தேவையில்லை என்பதுதான் உண்மை. கண்ணாடி மூடிய காருக்குள் கீழ் பேஸ் தானாகவே எழும்பும்.

களுவாஞ்சி வயரிங்

ஓம், அப்படி வெளியில் வைத்து அடிப்பவர் எஞ்சினை நிறுத்தியும் அடிப்பார். அவர்களுக்கு இரண்டாவது ஏஜிஎம், ஐசோலேட்டர், 12.2 வோல்ட்டில் அம்பை வெட்டிவிடுகிற ரிலே மூன்றும் வேண்டும். ஸ்டார்ட்டிங் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அது நீடிக்காது.

கல்லடிப் பையன்

4 ஓமுக்கு மாற்றி இரண்டு நாள் ஓடிப் பார்த்தேன். புத்தகத்தில் 340 வாட் என்று இருந்தது. ஏ.சி., லைற் எல்லாம் போட்டு நிற்கும்போது 12.9-க்குக் கீழே போகவில்லை, ஓட ஆரம்பித்தால் 13.8 வந்துவிடுகிறது. சத்தம் குறைந்தது தெரிகிறது, ஆனால் எனக்கு இது தாராளம். ஓல்டனேட்டர் யோசனையை இப்போதைக்கு விட்டுவிட்டேன். அம்பில் இருக்கிற கெயின் திருகியை இனித் தொடலாமா, அப்படியே விடவா?

களுவாஞ்சி வயரிங்

தொட வேண்டும், வோல்ட்டும் ஓமும் இரண்டுமே மாறியிருக்கிறது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட், ஈக்குவலைசர் எல்லாம் பூச்சியத்தில் வைத்து, ஹெட் யுனிட்டை முக்கால் சத்தத்தில் வை. 50 ஹேர்ட்ஸ் டோன் போட்டு, அம்பின் வெளிமுனையில் மீற்றரை மாறு மின்சார (AC) வோல்ட்டில் பிடி. 340 வாட், 4 ஓம் என்றால் 340-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம், ஏறத்தாழ 37 வோல்ட். கெயினை மெதுவாகத் திருப்பி 37 வந்ததும் நிறுத்து. அதற்கு மேல் சத்தம் வராது, வெட்டுப்பட்ட அலைதான் வரும். கெயின் என்பது சத்தம் கூட்டுகிற திருகி இல்லை, ஹெட் யுனிட்டுக்கும் அம்புக்கும் அளவு பொருத்துகிறது.

அப்புறம் லக் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கொஞ்ச நாள் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கிப் பார், புதுக் கேபிள் இழை அமரும்போது தளரும். ஓடி வந்தவுடன் பியூஸ் ஹோல்டரைக் கையால் தொட்டுப் பார், சுட்டால் அந்த இடத்தில் இணைப்பு சரியில்லை.